2019 சக்கி பொம்மை: அலமாரியில இடம் உண்டா, இல்லையா?

செந்தூல்_அலமாரி · ஞாயிறு இரவு 9:14

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழைய சாமான் சந்தையில 2019 ‘சைல்ட்ஸ் ப்ளே’ பேய்ப் படத்துல வர்ற கொலைகாரப் பொம்மை சக்கி ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. மெஸ்கோ தயாரிப்பு, 15 அங்குலம். பெட்டி இல்ல, சட்டை லேசா அழுக்கு, மத்தபடி முழுசா இருக்கு. கடைக்கார அங்கிள் 320 வெள்ளி (ரிங்கிட்) சொல்றாரு. பேசினா கொறைப்பாரு போல.

என்கிட்ட இருக்கறதெல்லாம் பழைய சக்கிதான். ட்ரிக் ஆர் ட்ரீட் ஸ்டூடியோஸ் பண்ண படத்துல வர்ற அதே அளவு ‘குட் காய்’ (படத்துல கடையில விக்கிற சக்கி பொம்மைக்கு அதான் பேரு), நெக்கா கம்பெனியோட அல்டிமேட் சக்கி, 1999-ல மெக்ஃபார்லன் விட்ட சக்கி–டிஃபனி ஜோடி. 2019 படம் எனக்குப் பிடிக்கவே இல்ல. பாதியில எந்திரிச்சுப் போய் மீ கோரேங் தாப்பாவ் (பார்சல்) பண்ணிட்டு வந்தேன், கதை நான் விட்ட இடத்துலயேதான் நின்னுச்சு. ஆனா அந்தப் பொம்மை மூஞ்சியப் பார்த்தா கையில எடுக்காம வர முடியல.

வாட்சப் குரூப்ல படம் போட்டேன். “அத வாங்குனா குரூப்ப விட்டுப் போயிடு”ன்னு நாலு பேரு. சரி, இங்க கேட்போம்னு வந்தேன். படம் பிடிக்காதவன் அதோட பொம்மைய வாங்கலாமா?

பழைய_விஎச்எஸ் · இரவு 9:31

வேணாம் தம்பி. காரணம் சொல்றேன், பொறுமையா படிங்க. இங்க பாதிப் பேருக்கு அந்த 2019 படம் ஏன் வந்துச்சுன்னே தெரியாது.

1988-ல வந்த முதல் படம் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், அதாவது எம்ஜிஎம் பட நிறுவனத்து வீட்டுச் சரக்கு. 1990-ல ரெண்டாம் பாகம் வரும்போது சக்கி யுனிவர்சல் நிறுவனத்துப் பக்கம் போயிட்டான். அதுக்கப்புறம் வந்த எல்லாப் படமும் யுனிவர்சல்தான். ஆனா முதல் படத்தத் திரும்ப எடுக்குற உரிமை மட்டும் எம்ஜிஎம் கையிலயே தங்கிப் போச்சு. அத வச்சுத்தான் 2019-ல புதுசா எடுத்தாங்க.

1988-லருந்து 2017 வரைக்கும் ஏழு படத்துக்கும் எழுதுனவரு டான் மன்சினி. புதுப் படம் எடுக்குற நேரத்துல அவரு அதே சக்கிய வச்சுத் தொலைக்காட்சித் தொடருக்கு வேலை பண்ணிட்டு இருந்தாரு. அவரையும் பழைய படங்களோட தயாரிப்பாளர் டேவிட் கிர்ஷ்னரையும் பேருக்கு எக்சிகியூட்டிவ் புரொடியூசரா போட்டுக்கறோம்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டாங்க. பொண்ணோட அப்பன விருந்தாளி வரிசையில உட்கார வச்சுட்டுத் தாலி கட்டுற மாதிரி லா. முப்பது வருஷமா சக்கிக்குக் குரல் குடுத்த பிராட் டூரிஃபும் அதுல இல்ல, மார்க் ஹாமில் பேசினாரு. ஹாமில் பெரிய கலைஞர்தான், பேட்மேன் கார்ட்டூன்ல அவரோட ஜோக்கர் குரல மறக்க முடியுமா. ஆனா அது சக்கி இல்ல.

உங்க அலமாரியில இருக்கறதெல்லாம் ஒரே குடும்பம். அதுல இத வைக்காதீங்க.

கெப்போங்_கலெக்டர் · இரவு 9:40

அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனா எம்ஜிஎம்முக்கு ஒரு சென் போகாது. அம்கோர்ப் அங்கிளுக்குத்தான் போகும். அங்கிள் மேல உங்களுக்கு என்ன கோபம்?

பழைய_விஎச்எஸ் · இரவு 9:43

காசப் பத்தி நான் பேசவே இல்ல. ஒரு படத்த வேணாம்னு சொல்லிட்டு அதோட உருவத்த நடு வீட்டுல வச்சா, நாளைக்கு வர்றவன் என்ன நெனைப்பான்? இந்த ஆளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு நெனைப்பான்.

ஈப்போ_ரோடு_77 · இரவு 9:52

நாளைக்கு வர்றவன் “ஏன்டா வீடு பூரா பேய் பொம்மை”ன்னுதான் கேப்பான். 1988-ஆ 2019-ஆன்னு எவனும் கேக்க மாட்டான் 😂

பினாங்கு_பெயிண்ட் · இரவு 10:25

ஜார்ஜ்டவுன்ல இருக்கேன், பொம்மைகளுக்கு மறுபடி வண்ணம் பூசுறது என் பொழுதுபோக்கு. மூஞ்சியப் பத்தி யாரும் ஒழுங்கா பேசலன்னு வருத்தம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

1988 பொம்மையோட வெற்றியே முதல்ல அது பயமுறுத்தாததுதான். குட் காய் பொம்மை குண்டுக் கன்னமும் புள்ளி புள்ளியா மச்சமும் நீலக் கண்ணுமா இருக்கும். எந்தப் பிள்ளையும் கேட்டு அழும். கொலைகாரன் சார்ல்ஸ் லீ ரேயோட உயிர் உள்ள போனதுக்கு அப்புறம் அந்த உடம்பு மெல்ல மெல்ல மனுஷனா மாறுது. படம் போகப் போகக் கவனிச்சுப் பாருங்க, முன்னந்தலை முடி ஏறிக்கிட்டே போகும், நெத்தியில கோடு விழும். கடைசியில நடுத்தர வயசு ஆம்பள மூஞ்சி. அந்தப் பொம்மைய வடிவமைச்ச கெவின் யாகர் குழு இதுக்குன்னே பல தலைகள் செஞ்சாங்க.

பழைய சக்கிய எத்தனை வாங்குனாலும் சலிக்காததுக்கு இதுதான் காரணம். சிரிச்ச மூஞ்சி, கோப மூஞ்சி, முதல் படத்துக் கடைசியில வெந்த மூஞ்சி, மூணாம் பாகத்துல பாதி சீவப்பட்ட மூஞ்சி, ‘பிரைட் ஆஃப் சக்கி’ படத்துல தையல் போட்ட மூஞ்சி. ஒவ்வொண்ணும் கதையில ஒரு இடம். (அந்த ‘பிரைட்’ படத்த எடுத்தது ஹாங்காங் இயக்குநர் ரோனி யூ. நம்ம ஊரு சீன நண்பர்கள்கிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க.)

2019 பொம்மைக்கு அந்தப் பயணமே கிடையாது. கடையிலருந்து வரும்போதே கண்ணு பெருசு, உதடு விரிஞ்சு, கன்னம் ஏதோ வீங்கின மாதிரி. கேஸ்லன்னு ஒரு பெரிய கம்பெனி இத வீடு வீடா விக்குதுன்னு படம் சொல்லுது. எந்தத் தாய் வாங்குவா? படமா பார்த்தா எனக்கு அங்கயே கதை விழுந்துடுச்சு.

ஆனா அலமாரியில நிக்கிற பொம்மைக்குக் கதை ஓட்டம் தேவையில்ல. ஒரே ஒரு பார்வை போதும். அந்த அசட்டுச் சிரிப்பு, நட்பா முறைப்பா தெரியாத கண்ணு, சும்மா நிக்க வச்சாலே வேலை செய்யும். செந்தூல் தம்பிக்குக் கால் நகராததுக்கு இதுதான் காரணம். கண்ணு மேல பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு குடுத்துப் பாருங்க, இன்னும் பிரமாதமா இருக்கும்.

ஈப்போ_ரோடு_77 · இரவு 10:31

வீங்கின கன்னத்துக்கு இவ்ளோ விளக்கமா 🙏 பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்த மாதிரி இருக்கான், அவ்ளோதான்.

பாயான்_நைட்ஷிப்ட் · திங்கள் காலை 7:48

ஷிப்ட் முடிஞ்சு பேக்டரி பஸ்ல உட்கார்ந்து படிச்சேன். எல்லாரும் மூஞ்சி, உரிமை, குரல்னு பேசுறீங்க. படத்தோட முதல் சில நிமிஷத்தப் பத்தி ஒருத்தரும் பேசல.

வியட்நாம்ல அந்தப் பொம்மை செய்யுற பேக்டரி. வரிசையா மேசை, வரிசையா தலை குனிஞ்ச ஆளுங்க. ஒருத்தன் கொஞ்சம் அசந்துட்டான். மேற்பார்வையாளர் வந்து கத்தி வேலைய விட்டுத் தூக்குறான், தூக்கிட்டு “கையில இருக்கறத முடிச்சுட்டுப் போ”ங்கறான். அவன் அந்த ஒரு பொம்மையோட பாதுகாப்புக் கட்டுப்பாடு எல்லாத்தையும் நீக்கிட்டுப் பெட்டியில போட்டு அனுப்பிடுறான். அப்புறம் அவன் கதை முடிஞ்சுது.

பினாங்குல பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-ல வந்துச்சு. எங்க அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் அங்க எலக்ட்ரானிக்ஸ் பேக்டரி மைக்ராஸ்கோப் வரிசையில கண்ண விட்டவங்க. நான் இப்போ அதே வட்டாரத்துல வேற ஒரு பில்டிங்ல நிக்கிறேன். அந்தக் காட்சிய எங்க வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே பார்த்தோம், அம்மா கை அப்படியே நின்னுடுச்சு. பேய் படத்துல எங்க அம்மா பயந்த ஒரே இடம் அதுதான், பேய் இன்னும் வரவே இல்ல.

பழைய படத்துல சக்கிக்குள்ள இருக்கறது ஒரு கொலைகாரனோட உயிர், ஊடூ மந்திரம் சொல்லி ஏத்துனது. புதுப் படத்துல உள்ள இருக்கறது ஒரு தொழிலாளியோட கோபம். எனக்கு ரெண்டாவதுதான் கிட்ட வருது. வாங்குங்க ப்ரோ. நீங்க வாங்கலன்னா நான் ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வர்றேன்.

பழைய_விஎச்எஸ் · காலை 9:20

தம்பி, நீங்க எழுதினது மனசுல பட்டுச்சு. ஆனா படத்துக்கு அந்தப் பெருமைய நான் குடுக்க மாட்டேன்.

அந்தத் தொழிலாளி யாரு, எங்க வீடு, எதுவும் கிடையாது. அவன் செத்ததும் கதை அமெரிக்காவுக்குப் பறந்துடுது, திரும்பி ஒரு தடவை கூட அவன நெனைக்கல. ஒரு மனுஷன் சாவ மின்சார சுவிட்சா பயன்படுத்திட்டுப் போயிட்டாங்க. இன்னொண்ணு, அந்தப் பொம்மைக்குள்ள கோபமே இல்ல. அத வச்சிருக்கற பையன் ஆண்டி தனக்கு மட்டும்தான் கூட்டாளியா இருக்கணும்னு அது ஏங்குது. பசங்க ரத்தப் படம் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கறதப் பார்த்துட்டு, ஓ, இப்படிப் பண்ணா ஆண்டி சிரிப்பான்னு கத்துக்குது. வியட்நாம் தொழிலாளி கோபம் அதுல எங்க இருக்கு? நீங்க உங்க அம்மா கோபத்த அதுல வச்சுப் பார்த்தீங்க. அது உங்க நல்ல மனசு, இயக்குநரோட வேலை இல்ல.

பாயான்_நைட்ஷிப்ட் · காலை 9:27

பேரு இல்லன்னு சொல்றீங்க. எங்கள லைன்ல பேர் சொல்லியா கூப்பிடறாங்க அண்ணே? டேக் நம்பர்தான். அந்தக் காட்சி அப்படியே சரியா இருந்துச்சு எனக்கு.

சுவிட்ச் மாதிரி பயன்படுத்திட்டாங்கன்னு சொன்னது மட்டும் உண்மை. அத ஒத்துக்கறேன். தூங்கப் போறேன்.

ஏர்ஈத்தாம்_அக்கா · காலை 11:05

இங்க அதிகம் எழுத மாட்டேன், படிக்கறதோட சரி. ஆனா ஒரு அம்மாவா ரெண்டு வார்த்தை.

1993-ல இங்கிலாந்துல ஒரு சின்னப் பிள்ளைய ரெண்டு பையனுங்க கொன்ன வழக்கு வந்தப்போ, அங்க இருந்த பத்திரிகைங்க ‘சைல்ட்ஸ் ப்ளே’ மூணாம் பாகத்து மேல பழியப் போட்டாங்க. அந்தப் பசங்க அந்தப் படத்தப் பார்த்தாங்கங்கறதுக்குப் போலீசுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கல. ஆனா பழி மட்டும் போகல, இன்னிக்கும் சக்கி பேர எடுத்தா யாராவது அதச் சொல்லுவாங்க. எங்க மாமியாருக்கு இங்கிலாந்து வழக்கெல்லாம் தெரியாது, இருந்தாலும் முடிவு ஒண்ணுதான்: “சாமி மேடை இருக்கற வீட்டுல அந்த மூஞ்சி இருக்கக் கூடாது.” இப்போ என் வீட்டுக்காரர் பொம்மைங்க மாடியில, கதவு சாத்தின ரூம்ல. ஏழாம் மாசம் சீனப் பக்கத்து வீட்டுக்காரங்க பேய்களுக்குப் படையல் வைக்கறப்போ மட்டும் ரூமுக்குப் பூட்டே போட்டுடுவாங்க மாமியார்.

எனக்கு 2019 படம் பிடிச்சுது. ஏன்னா அந்த அம்மா. கடையில வேலை பார்க்குற தனித் தாய், பிறந்தநாளுக்குப் புதுப் பொம்மை வாங்க வசதி இல்ல, வாடிக்கையாளர் திருப்பிக் குடுத்த பழுதான பொம்மைய எப்படியோ மேனேஜர மடக்கி வீட்டுக்குக் கொண்டு வர்றா. 1988 படத்துலயும் அம்மா சந்துக்குள்ள ஒரு தெரு வியாபாரிகிட்டதான் மலிவு விலைக்கு வாங்குறா. ரெண்டு படத்துலயும் பேய் வீட்டுக்குள்ள வர்ற வழி ஒண்ணுதான், பிள்ளை கேட்டத முழு விலைக்கு வாங்க முடியாத அம்மாவோட கை. இதுல எது அசல், எது நகல்னு சண்டை போட எனக்கு மனசு வரல.

பசங்க சிரிக்கறதப் பார்த்துப் பொம்மை கத்துக்குதே, அந்த இடம் மட்டும் ராத்திரி தூக்கம் கெடுத்துச்சு. எங்க பையன் கையில போன் இருக்கு, அது எதப் பார்த்து எதக் கத்துக்குதுன்னு யாருக்குத் தெரியும்.

ஈப்போ_ரோடு_77 · காலை 11:12

அக்கா சொன்னத வச்சுப் பார்த்தா செந்தூல் அண்ணன் இப்போ மூணாவது அம்மா. சந்தையில மலிவா கெடைச்சுதுன்னு வாங்கப் போறாரு. ராத்திரி கத்தி டிராயரப் பூட்டி வைங்க அண்ணே.

கோம்பாக்_குட்காய் · பிற்பகல் 1:33

2019-ஐத் தூக்கிப் பிடிக்கறவங்க எல்லாம் டிக்டாக்ல சினிமா கத்துக்கிட்ட பசங்க. பழைய படத்த முழுசா பார்த்தாவது இருப்பாங்களா? வீட்டுக்குள்ள குப்பைய வச்சுக்கணும்னா வச்சுக்கோங்க, அதுக்குப் பேரு மட்டும் சேகரிப்புன்னு சொல்லாதீங்க

நெறியாளர் · பிற்பகல் 1:50

கோம்பாக், பொம்மையத் திட்டுங்க, ஆளத் திட்டாதீங்க. இதே இழையில அக்காவும் நைட்ஷிப்ட் தம்பியும் எழுதினதப் படிச்சுட்டு எழுதுங்க. அடுத்த தடவை பதிவ எடுத்துடுவேன்.

பினாங்கு_பெயிண்ட் · பிற்பகல் 2:15

சூட்டைத் தணிக்க ஒரு விஷயம். 2019 படத்துல ஆண்டி பொம்மைக்கு முதல்ல வைக்கப் பார்க்குற பேரு ‘ஸ்டார் வார்ஸ்’ல வர்ற ஹான் சோலோ. பொம்மை காதுல சரியா விழாம “சக்கி”ன்னு எடுத்துக்குது. அந்தப் பொம்மைக்குக் குரல் குடுக்கறவரு அதே ‘ஸ்டார் வார்ஸ்’ல லூக் ஸ்கைவாக்கரா நடிச்ச ஹாமில்! இந்த ஒரு குறும்புக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு. படம் அமெரிக்காவுல 2019 ஜூன் 21 வந்துச்சு, பொம்மைங்க கதையான ‘டாய் ஸ்டோரி 4’ வந்த அதே நாள். அந்தப் பொம்மைகள சக்கி தீர்த்துக்கட்டற மாதிரியெல்லாம் போஸ்டர் அடிச்சாங்க. பின்னணி இசைக்கு பேர் மெக்ரியரி விளையாட்டுப் பியானோ, பிளாஸ்டிக் கித்தார்னு பொம்மை வாத்தியங்களா சேர்த்து வாசிக்க வச்சாரு. படத்துல வேலை செஞ்சவங்க சும்மா செய்யல. உரிமைச் சண்டையில மேல இருக்கறவங்க பண்ணதுக்கு சிற்பியும் இசைக்காரரும் என்ன பண்ணுவாங்க?

கெப்போங்_கலெக்டர் · மாலை 5:10

தத்துவம் போதும். செந்தூல், வாங்கறதா இருந்தா இதப் பாருங்க.

முதல்ல தலையத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டுனா பிளாஸ்டிக்க மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் வெளிய கசியுதுன்னு அர்த்தம். நம்ம ஊரு சூட்டுல பிவிசி பொம்மைக்கெல்லாம் இது வரும். பெட்டிக்குள்ள காத்தில்லாம அடைச்சு வச்சா இன்னும் மோசம், பெட்டி இல்லாம கெடந்தது ஒரு வகையில நல்லது. பாத்திரம் கழுவுற சோப்ப வெதுவெதுப்பான தண்ணியில கலந்து மென்மையான பிரஷ்ல தேய்ங்க, நிழல்ல காய வைங்க. வெயில்ல வச்சா மஞ்சளாகும். டங்கரிய (சட்டை மேல போடுற நீல உடுப்பு) கழட்டிப் பாருங்க, நீலச் சாயம் உடம்புல ஏறியிருந்தா சுலபத்துல போகாது.

அப்புறம் பேட்டரி. பேசுற பொம்மையா இருந்தா முதுகு மூடியத் திறக்காம காசு குடுக்காதீங்க.

விலையப் பொறுத்தவரைக்கும் 300-க்குக் கீழ வந்தா எடுங்க. வெளிநாட்டுலருந்து ஆன்லைன்ல எடுத்தா தபால் செலவு தனி. 500 வெள்ளிக்கு மேல போகாத பொருளா இருந்தாலும் 2024 ஜனவரியிலருந்து 10 விழுக்காடு வரி வேற. போலிச் சக்கியும் நிறைய சுத்துது. கழுத்துக்குப் பின்னாலயோ முதுகுலயோ உரிமை எழுத்து தெளிவா பதிஞ்சிருக்கான்னு பாருங்க. மச்சப் புள்ளிங்க மங்கலா, அச்சு வழுக்கின மாதிரி இருந்தாலோ மண்ணெண்ணெய் மாதிரி வாடை அடிச்சாலோ வச்சுட்டு வந்துடுங்க.

செந்தூல்_அலமாரி · அடுத்த ஞாயிறு மாலை 4:02

எடுத்துட்டேன், 270 வெள்ளிக்கு. நைட்ஷிப்ட் ப்ரோ, மன்னிச்சுக்கோங்க, நீங்க பஸ் ஏற வேணாம்.

மன்சினியப் பத்தி அண்ணன் சொன்னது எனக்கும் உறுத்துது. அதனால இவன பழைய சக்கிங்க கூட நிக்க வைக்கல, கீழ்த் தட்டுல ரோபோ பொம்மைங்களோட வச்சிருக்கேன். யோசிச்சுப் பார்த்தா இவன் பேய் இல்லையே, கெட்டுப்போன இயந்திரம்தானே. அங்க நிக்கறப்போ அந்த மூஞ்சி திடீர்னு பொருந்திப் போச்சு.

ஒரு பிரச்சினை. முதுகு மூடியத் திறந்தா பேட்டரி கசிஞ்சு வெள்ளையா பூத்துக் கெடக்கு. அங்கிள்கிட்ட காட்டித்தான் 50 வெள்ளி கொறைச்சேன். சுத்தம் பண்ண முடியுமா?

பழைய_விஎச்எஸ் · மாலை 4:20

ரோபோ தட்டு, அது நியாயம். பெயர் அட்டை எழுதினா “சக்கி”ன்னு எழுதாதீங்க, “பட்டி”ன்னு (Buddi) எழுதுங்க. கேஸ்லன் கம்பெனி அதுக்கு வச்ச பேரு அதுதான்.

பாயான்_நைட்ஷிப்ட் · மாலை 4:36

வாழ்த்துகள் ப்ரோ. பாதத்துலயோ முதுகுலயோ எந்த நாட்டுல செஞ்சதுன்னு போட்டிருக்கும், பார்த்துச் சொல்லுங்க.

செந்தூல்_அலமாரி · மாலை 4:41

சீனா.

கெப்போங்_கலெக்டர் · மாலை 5:03

பட்டன் பேட்டரினா பெரும்பாலும் ஆல்கலைன்தான், பயப்படாதீங்க. கையுறை போட்டுப் பேட்டரிய எடுத்துடுங்க. காது குடையற பஞ்சுக் குச்சிய வெள்ளை வினிகர்ல லேசா நனைச்சு அந்த வெள்ளைப் பூச்ச ஒத்தி எடுங்க, நொரைக்கும், பரவாயில்ல. வினிகர் இல்லன்னா எலுமிச்சைச் சாறு. அப்புறம் சுத்தத் தண்ணி தொட்ட குச்சியால ஒரு தடவை, கடைசியா ஐசோப்ரொபைல் ஆல்கஹால். ஒரு நாள் முழுக்கக் காய விட்டுட்டுப் புதுப் பேட்டரி போடுங்க. உலோகத் தகடு பச்சையா அரிச்சிருந்தா மணல் தாளால மெல்லத் தேய்ங்க. பேசலன்னா ஸ்பீக்கர் வயர் விட்டிருக்கும், கோலாலம்பூர் சுங்கை வாங் பக்கம் வரும்போது கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்.